எதுவும் கேட்காத மகளுக்கு

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போக, உன் தம்பி மத்தியானம் சாப்பிட வந்தபோது சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வழக்கமாக நீ எழுதுவதுதான். எல்லோரும் சௌக்கியம், மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், சின்னவன் கார்த்திக்குச் சளி பிடித்து இப்போது தேவலை, ஹைதராபாத்தில் வெயில் ஆரம்பித்துவிட்டது. கடைசியில், மடித்து ஒட்டுகிற இடத்துக்கு மேலே, இடம் போதாமல் சின்ன எழுத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாய். "பிரியாவுக்கு லீவு விடப் போறாக. ஆனா அவ ஒண்ணும் கேக்க மாட்டாம்மா. அங்க போகணும் இங்க போகணும்னு ஒரு நாள் அடம்பிடிச்சதில்ல. அந்த விஷயத்துல அப்படியே என்னய மாதிரி." சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறாய். பெருமை பொங்கத்தான் எழுதியிருக்கிறாய். நான் அதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்றவள் நின்றபடியே நின்றேன். உன் தம்பி, "என்னம்மா, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று பயந்து கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லி அவனுக்கு ரசத்தை ஊற்றினேன்.

நாலு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை. சின்னப் பிள்ளை எதையும் கேட்பதில்லை என்பதற்காகப் பெருமைப்பட்ட தாய்மார்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி இப்போது நீ. இந்த வியாதி நம் வீட்டில் என்னோடு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ரயிலேறி உன்னோடு ஹைதராபாத்துக்கும் வந்து, உன் பிள்ளை மேலேயும் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்லாந்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை என்பதால் கடையிலிருந்து கோடு போட்ட தாள் வாங்கிவரச் சொல்லி எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக்காரி எழுத்து, தப்பு இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

நீ எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. அதை முதலில் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ மறந்திருப்பாய். எட்டு வயசுவரைக்கும் நீ வாய் ஓயாத பிள்ளை. கடைக்கு வந்த காலண்டர் ஒன்றில் கொடைக்கானல் ஏரியும் அதில் நாலு படகும் போட்டிருந்தது. அந்தக் காலண்டருக்குக் கீழே நின்றுகொண்டு உன் அப்பாவைப் பிடித்துப் பிராண்டி எடுப்பாய். "அந்த போட்டு முங்காதாப்பா? அடியில எம்புட்டுத் தண்ணி இருக்கும்? நம்ம கண்மாய விடப் பெருசா? அதுல நான் ஒக்காந்தா தள்ளுறது யாரு?" வருஷம் முடிந்து காலண்டரைக் கழற்றப் போனபோது, படத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டாய். அப்பாவும் சளைக்காமல் பதில் சொல்லுவார். "லீவு விடட்டும், போவம்"என்பார். நான் அடுப்படியிலிருந்து, "அவ கேக்குறதும் நீங்க தலையாட்டுறதும்! கோடையில கடையப் பூட்டிட்டா போக முடியும்?" என்பேன்.

உண்மைதான், நம் பிழைப்பு அப்படி. மற்ற கடைக்காரர்களுக்குத் தீபாவளி, பொங்கல் என்றால், பிளாஸ்டிக் குடம் விற்கிற நமக்குச் சித்திரையும் வைகாசியும்தான். அருப்புக்கோட்டையில் எவ்வளவுக்கெவ்வளவு தண்ணீர் இல்லையோ அவ்வளவுக்கு நம் கடையில் கூட்டம். பந்தல்குடியிலிருந்து, மல்லாங்கிணற்றிலிருந்து, திருச்சுழியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, பச்சையும் சிவப்புமாக நாலு நாலு குடமாகக் கயிற்றில் கோத்து வாங்கிப் போவார்கள். மழை மேகம் கூடினால் ஊரே அண்ணாந்து பார்க்கும். நான் மட்டும் உள்ளே போய், இன்னும் ஒரு பத்து நாள் தள்ளிப் பெய்யக்கூடாதா என்று நினைத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்படி நினைத்தவளுக்கு என்ன வரும் என்று அன்றைக்குத் தெரியாது.

குடம் விற்கிற வீட்டில் குடத்துக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். கிணற்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவை தெருக்குழாயில் வரும், அதையும் தரையைத் தோண்டி, குழிக்குள் இறங்கி நின்றால்தான் குடம் நிறையும். அந்தக் குழி உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குழிக்குள் நான்தான் ராணி. பத்து வருஷத்தில் ஒரு தண்ணி முறையைக்கூட நான் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு இறங்கியிருக்கிறேன், உன் தம்பியை ஒன்பது மாசம் சுமந்துகொண்டு இறங்கியிருக்கிறேன். "அவ வீட்டுல ஒரு நாள் குடம் காலியா இருந்து பாத்ததில்ல" என்று தெருவில் சொல்லுவார்கள். பெரிய படிப்பா, வேலையா, எனக்கு இருந்த ஒரே பேர் அதுதான். அந்தப் பேருக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன்.

எண்பதுகள் தொடங்கின சமயம், நீ மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், உன் அப்பா ஒரு நாள் திடீரென்று கடைச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றார். "மூணு நாளு. தண்ணி வந்த மறுநாளே கெளம்பிருவம், அடுத்த முறைக்கு ரெண்டு நாளுக்கு முந்தியே வந்துரலாம். இதுக்கும் நீ நொட்டை சொன்னா நான் பிள்ளைகள மட்டும் கூட்டிட்டுப் போறேன்"என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கடையில் லோடு இறங்கி, கிளம்புவது இரண்டு நாள் தள்ளிப்போனது. பக்கத்து வீட்டு அக்கா, "நீ போயிட்டு வா மதினி, ஒருவேளை தண்ணி முன்னப் பின்ன வந்தா நான் பிடிச்சு வைக்கிறேன். குடத்த மட்டும் வெளிய வச்சுட்டுப் போ"என்றாள். நான் குடங்களை உள்ளே வைத்துப் பூட்டினேன். அவள் பிடித்து வைத்தால், அப்புறம் ஆயுசுக்கும் நான் அவளுக்கு வணக்கம் போட வேண்டும் என்று ஒரு கொழுப்பு. கொழுப்பு என்றே எழுதுகிறேன், அதற்கு வேறு நல்ல பேர் இல்லை.

மதுரை போய் அங்கிருந்து கொடைக்கானல் பஸ். வளைவுக்கு வளைவு உன் தம்பி வாந்தி எடுத்தான். நீ ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. சாயங்காலம் ஏரிக்கரையில் போய் நின்றபோது, நாலு வயசுக்காரன் அவன், "இம்புட்டுத் தண்ணியும் யாரும்மா பிடிச்சு வச்சா?"என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. கரையோரம் குத்த வைத்து, கையை மணிக்கட்டுவரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாய். குளிரில் விரல் வெளுத்தும் எடுக்கவில்லை. இருட்டப் போகிறது, படகு நாளைக் காலையில் என்று அப்பா சொன்னார். அன்று ராத்திரி விடுதியில் நீ என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நாளைக்கு நான் ஓரத்துல ஒக்காரவா, நடுவுல ஒக்காரவா?"என்று கேட்டாய். ஓரத்தில் உட்கார்ந்துகொள் என்றேன். அதுதான் உனக்காக நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், அதற்கப்புறம் ஒன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் படகுக்கு வரிசை நீளமாக நின்றது. அப்பா கையில் சீட்டு இருந்தது. நமக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்தான் பாக்கி. உன் தம்பி கரையில் குதிரையைப் பார்த்துவிட்டு, அதில் ஏற வேண்டும் என்று தரையில் புரண்டு அழுது, ஏறி ஒரு சுற்றுச் சுற்றியும் வந்துவிட்டான். நீ வரிசையை விட்டு நகரவில்லை. இடம் போய்விடுமாம். அந்த நேரத்தில்தான் நம் ஊர்க்காரர் ஒருவர், குடும்பத்தோடு அன்று காலையில்தான் வந்து இறங்கினவர், அப்பாவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அருப்புக்கோட்டைக்காரர் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் என்ன பேசுவார்கள்? ஒரு ஏரித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். "நீங்க இங்கயா இருக்கீக? முறைய மாத்திட்டாகளே, நாளைக்கு விடியக்காலம் நம்ம தெருப்பக்கம் தொறந்து விடுறாகளாம். அதுக்கப்புறம் ஏதோ ரிப்பேருன்னு ரொம்ப நாளைக்குக் கெடையாதாம்"என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

குடங்கள் பூட்டிய வீட்டுக்குள் காலியாக இருக்கின்றன. இப்போதே கிளம்பினால்தான் மதுரையில் பஸ் பிடித்து ராத்திரிக்குள் போய்ச் சேர முடியும். அப்பா, "இருக்கட்டும். பிள்ளைக ஒரு சுத்து போயிட்டு வந்துரட்டும். பத்துப் பேருதான நிக்காக"என்றார். "அந்தப் பத்துப் பேரு ஏறி எறங்குறதுக்குள்ள பஸ்ஸு போயிரும். ஒங்களுக்கென்ன, குழிக்குள்ள எறங்குறது நாந்தான?"என்றேன். "ஒரு முறை போனா போகட்டும் பிள்ள. தண்ணி வண்டி வரும்ல."  "வண்டித் தண்ணிய நம்பி நான் குடும்பம் நடத்துனதில்ல." இவ்வளவையும் உன் தலைக்கு மேலே பேசினோம். நீ அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். கடைசியில் அவர் பின்னால் நின்ற ஒரு குடும்பத்திடம் சீட்டைக் கொடுத்தார். அவர்களுக்கும் உன் வயசில் ஒரு பெண் பிள்ளை. மஞ்சள் கவுன் போட்டிருந்தது. அது நம் இடத்தில் ஏறி நின்றுகொண்டது. நான் உன்னைப் பார்த்து, "அடுத்த வருசம் கட்டாயம் வருவம் தாயி"என்றேன். நீ அழுதிருந்தால் எனக்கு ஓர் அடி அடித்து இழுத்து வருவது சுலபமாக இருந்திருக்கும். உன் தம்பியைப்போலப் புரண்டிருந்தால், யார் கண்டது, நானே மனசு மாறியிருப்பேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "பரவாயில்லம்மா. எனக்கு போட்டுல போனா தல சுத்தும்."

படகில் கால் வைத்திராத பிள்ளைக்குத் தலை சுத்தும் என்று எப்படித் தெரியும்? அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாடா என்று இருந்தது. பஸ் ஏறினோம். கிளம்பும்போது ஏரி மரங்களுக்கு நடுவில் இரண்டு மூன்று தடவை தெரிந்து தெரிந்து மறைந்தது. அப்பா பார்த்தார். நீ பார்க்கவில்லை. மலை ஏறும்போது முகத்தைத் திருப்பாத ஜன்னலில், இறங்கும்போது ஒரு தடவைகூட நீ முகத்தை வைக்கவில்லை. ஊருக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். "எம் மக தங்கம். போட்டு வரைக்கும் போயி, திரும்புன்னு சொன்னா திரும்பிட்டா. ஒரு பொட்டுக் கண்ணீர் விடலயே!" கடைக்குக் குடம் வாங்க வந்தவர்கள் உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். நீ நின்று சிரித்தாய். கேட்காமல் இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதை நான் உனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்திருப்பாய். கொஞ்சிச் சொல்லிக்கொடுத்ததால் பதிந்துவிட்டது.

அந்தக் கோடையிலேயே நரிக்குடிப் பக்கம் என் அண்ணன் ஊருக்குப் போயிருந்தபோது ஒன்று பார்த்தேன். கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடுகள் நடுக் கண்மாயில் மேய்ந்துகொண்டிருந்தன. கடையிலிருந்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த பெரிய நீலப் பிளாஸ்டிக் டப்புக்குள் உன் தம்பியை உட்கார வைத்து, அதன் காதில் கயிறு கட்டி, அந்த வெடிப்பு மண்ணில் நீ இழுத்துக்கொண்டு போனாய். அவன் கையைத் துடுப்பு மாதிரி வீசி, "போட்டு வருது, ஒதுங்கு"என்று ஆட்டை விரட்டினான். நாங்கள் கரையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். நீ ஒரு தடவையாவது டப்புக்குள் உட்காரவில்லை என்பதை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை. இப்போது, ஐம்பதைத் தாண்டின வயசில், பட்டப்பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது கண்ணுக்கு முன்னால் வருகிறது. வெயிலில் குனிந்து இழுத்துக்கொண்டே போகிறாய். உள்ளே உட்காருடி என்று நான் கத்துகிறேன். உனக்குக் கேட்பதில்லை.

அடுத்த வருசம் என்று சொன்னேனே, அடுத்த வருசம் தம்பிக்கு அம்மை போட்டது. அதற்கடுத்த வருசம் கடையைப் பெரிதாக்கினோம். அதற்கும் அடுத்த வருசம் போவோமா என்று அப்பாவே கேட்டார். வயசுக்கு வரப்போகிற பிள்ளையை அங்கே இங்கே இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிறகு நீ வயசுக்கு வந்தாய். நம் வீடுகளில் அதற்குமேல் ஒரு பெண் பிள்ளைக்குப் பயணம் என்றால் கோயில், இல்லையென்றால் கல்யாண வீடு. பத்தொன்பதில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பையன் ஹைதராபாத்துல இருக்கான், ஊர் நடுவுல பெரிய ஏரியே இருக்கு"என்று தரகர் சொன்னபோது, அப்பா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நாம் செய்யாததை அந்த ஊர் செய்துவிடும் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். உனக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, "ஒங்க இஷ்டம்மா"என்றாய். அதற்கும் உன்னைத் தங்கம் என்றுதான் சொன்னேன்.

போன மே மாசம் உன் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருந்தேன் அல்லவா? மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குணமான மனுஷன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அத்தை, ஒங்க மக மாதிரி கெடைக்காது. ஏழு வருசத்துல இது வேணும் அது வேணும்னு ஒரு வார்த்த கேட்டதில்ல"என்றார். பாராட்டித்தான் சொன்னார். எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நீ மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய், உன் முகத்தைப் பார்த்தேன். எட்டு வயசில் கடைக்கு வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளும்போது சிரித்தாயே, அதே சிரிப்பு. வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் ஏரி. ஏழு வருஷத்தில் அங்கே ஓடுகிற படகில் நீ ஏறினதில்லை. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், கோடை வந்தால் அந்த ஊரில் கைப்பிள்ளைக்காரர்கள்கூட டிபன் கட்டிக்கொண்டு அங்கே போய் விடுகிறார்களாம். நான் தொந்தரவு செய்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையிலிருக்கிற பூங்காவுக்குப் போனோம். கார்த்தி பலூனுக்கு அழுது வாங்கினான். பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை படகு போகிறது, எத்தனை திரும்புகிறது என்று வாய்க்குள் எண்ணினாள். நீ கைக் கடிகாரத்தைப் பார்த்தாய். "அவுக வந்துருவாகம்மா, போலாம். போட்டுக்கு இன்னொரு நாள் வருவம், என்ன பிரியா?"என்றாய்.

அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? இருக்காது. சாதாரணமாகத்தான் சொன்னாள். "பரவாயில்லம்மா, எனக்குத் தண்ணின்னா பயம்." எனக்கு முதுகில் யாரோ அறைந்தமாதிரி இருந்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் நான் அவளைக் குளியலறையில் பார்த்திருந்தேன். வாளி நிறையத் தண்ணீர் வைத்து, சோப்பு டப்பாவை அதில் மிதக்கவிட்டு, அதற்குள் ஒரு புளியங்கொட்டையை உட்கார வைத்து, முழங்கைவரைக்கும் கையை விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். "இது யாரு?"என்று புளியங்கொட்டையைக் காட்டிக் கேட்டேன். "நாந்தான் அம்மாச்சி. ஓரத்துல ஒக்காந்துருக்கேன்"என்றாள். தண்ணீரென்றால் பயமாம்! நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு நாள் காபி தாமதமானால் குடி முழுகிவிடாது, பிள்ளையை ஏற்று என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவளே நான், எந்த முகத்தோடு உன்னைக் கேட்பது? உன் பின்னாலேயே வந்து ஆட்டோவில் ஏறினேன். அப்பா அன்றைக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டு எப்படி நடந்து வந்தாரோ அப்படி வந்தேன்.

அவர் அதை மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு மத்தியானம், "அந்தப் பிள்ளைய ஒரு சுத்து ஏத்திவிட்டுருக்கலாம்"என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

இனி, உன் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அன்று ராத்திரி வந்து சேர்ந்ததும் குடங்களையெல்லாம் வெளியே எடுத்து, விடியக்காலம் குழிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். தெருவில் வேறு ஒருத்தரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசல் தெளிக்க வந்தவள், "என்ன மதினி, இன்னைக்கு ஏது தண்ணி? முறை நாளைக் கழிச்சுல்ல?"என்றாள். தண்ணீர் வரவில்லை. அந்த மனுஷன் எதையோ தப்பாகக் கேட்டுக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறார். வெயில் ஏறும்வரைக்கும் குழிக்குள்ளேயே இருந்தேன். குழாயில் காற்றுக்கூட வரவில்லை. உன் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். அந்த வழியாகப் பீப்பாய் வைத்த தண்ணி வண்டி வந்தது. வண்டித் தண்ணியை நம்பிக் குடும்பம் நடத்தாதவள், வண்டியை நிறுத்தி எட்டுக் குடத்தையும் நிரப்பி, உள்ளே கொண்டுவந்து அடுக்கினேன். அடுக்கி முடிக்கவும் நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாய். "தண்ணி வந்துச்சாம்மா?"என்றாய். "வந்துச்சு தாயி, நல்லா வந்துச்சு"என்றேன். நீ குடங்களைப் பார்த்தாய். "அப்ப நாம வந்தது நல்லதுதாம்மா"என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனாய்.

இரண்டு நாள் கழித்து வழக்கமான முறைக்குத் தண்ணீர் வந்தது. நீதான் எனக்குக் குழியிலிருந்து குடம் வாங்கி வைத்தாய். முந்தாநாள்தானே வந்தது, இன்றைக்கும் எப்படி வருகிறது என்று நீ கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற பிள்ளை, குடத்தை வாங்கினாய், வைத்தாய், அடுத்த குடத்துக்குக் கையை நீட்டினாய். உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று பதினெட்டு வருஷமாக எனக்குப் பயம். தெரிந்துதான், அம்மா வருத்தப்படுவாளே என்று கேட்காமல் விட்டாயோ? அப்படியென்றால் எட்டு வயசுப் பிள்ளை என்னைக் காப்பாற்றியிருக்கிறது, நான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. இல்லாத தண்ணீருக்காக உன்னை இருந்த தண்ணீரிலிருந்து இழுத்து வந்தேன். இதை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. மன்னித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருவில் சத்தம். இப்போது வீட்டு வாசலுக்கே குழாய் வந்துவிட்டது என்றாலும் தண்ணீர் அதே கதைதான். "மதினி, தண்ணி வந்துருச்சு, எங்க இருக்க?"என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாள். அவளுக்கும் வயசாகிவிட்டது, இன்னும் கூப்பிடுகிறாள். முட்டி வலி, வரமுடியாது, முடிந்தால் எனக்கும் இரண்டு குடம் பிடித்து வையுங்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். "அதுக்கென்ன"என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

எனக்கு நம்பிக்கை பெரிதாக இல்லை. உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு ஓர் இன்லாந்து எடுத்து, "பழச எல்லாம் நினைச்சு மனசப் போட்டு அலட்டாதம்மா, எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல, ஒடம்பப் பாத்துக்க, பிரியாவ ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்"என்று எழுதுவாய். மாப்பிள்ளை கேட்டால் ஒன்றுமில்லை என்பாய். அந்த ஒரு நாள் வராது. பிரியாவுக்கு ஏழு ஆகும், எட்டு ஆகும். பிறகு அவள் வாளியில் சோப்பு டப்பா விடுவதையும் நிறுத்திவிடுவாள். அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்து, உங்கள் மகள் மாதிரி கிடைக்காது என்று உன்னிடம் சொல்லுவான். அன்றைக்கு உனக்குச் சோறு இறங்காது, எனக்கு எழுதலாம் என்று நினைப்பாய், நான் இருக்க மாட்டேன்.

அதனால் பிரியாவைக் கூட்டிக்கொண்டு போ என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் சரிம்மா என்பாய், அந்தச் சரிம்மாவைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீ கேள். வேறு யாரிடமும் கேட்க வராவிட்டால் முதலில் என்னிடம் கேள், பழகிக்கொள். ஏம்மா அன்னைக்கு என்னய வரிசையிலேருந்து இழுத்துட்டு வந்த, ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்ன, எனக்கு ஓரத்துல ஒக்காரணும்னு சொன்னேன்ல என்று ஒரு கடிதம் எழுது. திட்டி எழுது. பெத்தவளைத் திட்டலாமா என்று பார்க்காதே. உன் தம்பி தினம் திட்டுகிறான், நான் என்ன செத்தா போய்விட்டேன்? அந்தக் கடிதம் வந்தால், இந்த முட்டியோடு ரயிலேறி வந்து, உன் ஒரு கையையும் பிரியாவின் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பேன். வராவிட்டால், உனக்குத் தலை சுத்தும் என்று சொன்னது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டு, இங்கேயே கிடப்பேன்.

அம்மா